தகடுகளுக்கு நடுவே எது: செராமிக்கா, பாலிப்ரொப்பிலீனா?

ஆடியோ ஃபில்டர் ஒன்றுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மின்காப்புப் பொருளை வைத்து மின்னேற்றத்தைத் தேக்கும் பாகம்) வேண்டியிருந்தது. கடுகளவு எக்ஸ்7ஆர் வகை செராமிக்கை முதலில் வைத்தேன். கடைசியில் அதைப் பிடுங்கிவிட்டு, கட்டைவிரல் நகம் அளவுள்ள பாலிப்ரொப்பிலீனுக்கு (ஒரு வகை பிளாஸ்டிக்) மாறினேன்.

அளவில் போட்டியே கிடையாது. பரப்பும் இடைவெளியும் மாறாதபோது, நடுவிலுள்ள பொருளின் ஒப்புமை விடுதிறன் எவ்வளவோ அத்தனை மடங்கு மின்தேக்குத்திறன். வெற்றிடத்துக்கு 1, பாலிப்ரொப்பிலீனுக்கு சுமார் 2.2. எக்ஸ்7ஆரின் பேரியம் டைட்டனேட் ஆயிரக்கணக்கில் போகும்.

ஆனால் அந்த ஆயிரம் நிலையானதல்ல. பேரியம் டைட்டனேட் ஃபெர்ரோஎலெக்ட்ரிக். அதிலுள்ள டொமைன்கள், அதாவது மின்முனைகள் ஒரே திசை பார்க்கும் குட்டிப் பகுதிகள், மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொடுப்பதால்தான் அவ்வளவு பெரிய எண். டிசி வோல்டேஜ் ஏறினால் அவை ஒரே பக்கமாக இழுத்துப் பிடிக்கப்படும். சிக்னலின் சிற்றசைவுக்குத் திரும்ப இடமிருக்காது, மின்தேக்குத்திறன் இறங்கும்.

எனக்கு நடந்ததும் இதுதான். 1 கிலோஓம் ரெசிஸ்டரோடு கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) 1.6 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். 18 வோல்ட் டிசி ஏறியதும் 2.5-ஐத் தாண்டியது. ரெசிஸ்டர்மேல் சந்தேகப்பட்டு இரண்டு முறை மாற்றினேன், பாவம் அது. மீட்டரில் கெப்பாசிட்டர் சரியாகவே காட்டியது, ஏனென்றால் மீட்டர் டிசி ஏற்றாமல் அளக்கிறது. தாங்கும் அளவாகக் குறித்திருக்கும் வோல்டேஜை நெருங்கும்போது பாதிக்கு மேல் இழக்கும் எக்ஸ்7ஆர்களும் உண்டு. எக்ஸ்7ஆர் என்ற பெயர் தரும் ±15% உறுதி −55 முதல் 125 டிகிரி வரையிலான வெப்பநிலைக்கு மட்டும். வோல்டேஜைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. போதாக்குறைக்கு, பேரியம் டைட்டனேட்டுக்கு பீசோ குணமும் (அதிர்வை மின்னழுத்தமாக்குவது) உண்டு: போர்டைத் தட்டினால் சிக்னலில் கேட்கும்.

பாலிப்ரொப்பிலீனில் டொமைன்களே இல்லை. எலெக்ட்ரான் மேகம் சற்று நகர்வதோடு சரி. எண் சிறியது, ஆனால் வோல்டேஜுக்கு அசையாது; இழப்பும் மிகக் குறைவு. இடத்தை அடைத்துக்கொள்ளும், சுமார் 105 டிகிரிக்கு மேல் தாங்காது.

செராமிக் என்றாலே திட்டுவதும் நியாயமில்லை. சி0ஜி வகையில் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் சங்கதி கிடையாது. சில நானோஃபாரட் போதும் என்றால் நானே அதைத்தான் எடுப்பேன். ரேடியோ அதிர்வெண்ணில் நான் வேலை செய்தது குறைவு, அங்கே என் சாய்வை அப்படியே நம்ப வேண்டாம்.

அதே போர்டில் பவர் லைன் டீகப்ளிங்குக்கு (சப்ளை வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்க) எக்ஸ்7ஆர் இன்னமும் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் அங்கே வேலை நடக்கும். 25 வோல்ட் தாங்கும் எக்ஸ்7ஆருக்குப் பதில் 50 வோல்ட் தாங்குவதைப் போட்டால் இந்தக் குறைவு தீரும் என்பார்கள். உறை அளவு அதேதான் என்றால் பலன் பெரும்பாலும் சொற்பம். ஒரு அளவு பெரிய உறையாகப் பார்த்து எடுங்கள்.