குவால்ட்ரிக்ஸில் போலிப் பதில்களைப் பிடிப்பது: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

செவிலியர்களிடம் நடத்தும் ஆன்லைன் ஆய்வுகளுக்குச் சில ஆண்டுகளாக குவால்ட்ரிக்ஸ் என்ற ஆன்லைன் கேள்வித்தாள் தளத்தைப் பயன்படுத்தி வருகிறேன். இங்கே அதன் மோசடி கண்டறியும் வசதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதை ஆன் செய்தால் ஒவ்வொரு பதிலோடும் சில மதிப்பெண்கள் வரும். ரீகேப்ட்சா (வந்திருப்பது மனிதரா இயந்திரமா என்று கணிக்கும் சோதனை) மதிப்பெண் 0 முதல் 1 வரை, 0.5க்குக் கீழே என்றால் அது ‘பாட்’ ஆக, அதாவது தானாகப் பதில் நிரப்பும் மென்பொருளாக இருக்கலாம். ஒரே ஆள் திரும்ப வருகிறாரா என்று பார்க்கும் ரெலவன்ட்ஐடி என்ற கருவியின் இரட்டைப் பதிவு மதிப்பெண் 75ஐத் தொட்டால், அதே ஆள் மறுபடி வந்திருக்கலாம். பாட்களை வடிகட்ட இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் காசுக்காக உட்கார்ந்து நிரப்பும் மனிதர்கள் ரீகேப்ட்சாவைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். 2018இல், சின்னச் சின்ன ஆன்லைன் வேலைகளுக்குக் காசு தரும் தளமான அமேசான் மெக்கானிக்கல் டர்க்கில் தரமற்ற பதில்கள் பெருகியபோது எல்லோரும் முதலில் பாட்களைத்தான் சந்தேகித்தார்கள். அப்புறம் பார்த்தால், சர்வர் வழியாகத் தங்கள் இடத்தை மறைத்துக்கொண்டு வந்த ஆட்களும் அதில் நிறைய.

ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்ணை) வைத்து மட்டும் யாரையும் நீக்காதீர்கள். நம் மொபைல் நெட்வொர்க்கில் எத்தனையோ பேர் ஒரே பொது ஐபி வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். செவிலியர் விடுதி வைஃபையும் அப்படித்தான். நைட் டியூட்டி முடித்துவிட்டு, தூக்கத்தை ஒதுக்கி, பொறுமையாகப் பதில் எழுதிய ஒருவரைப் போலி என்று தள்ளுவது பெரிய அநியாயம்.

நான் அதிகம் நம்புவது, பல அறிகுறிகள் ஒன்றாகச் சேர்வதை. ஆரம்பத்தில் கேட்ட வயதும் கடைசியில் கேட்ட பிறந்த ஆண்டும் ஒத்துப்போகாதது, நள்ளிரவில் வரிசையாக வந்து விழும் பதில்கள், வெவ்வேறு பெயரில் ஒரே வாக்கியம், இப்படி. முன்பெல்லாம் திறந்த கேள்விக்கு எழுதும் பதிலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். சாட்ஜிபிடி வந்தபிறகு அழகான வாக்கியத்துக்கு மதிப்பில்லை. ‘இதில் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற கவனச் சோதனையும் அதற்கு ஒரு தடையே இல்லை.

உண்மையான மாற்றம் வந்தது, பரிசுத் தொகையையும் ஆய்வு லிங்கையும் ஒன்றாகப் பொதுவில் போடுவதை நிறுத்தியபோதுதான். இப்போது பொது லிங்கில் தகுதிக் கேள்விகள் மட்டும். தேறியவர்களுக்குத் தனித்தனி லிங்க். சரிபார்த்த பிறகே வவுச்சர் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுகிறோம். நீக்கும் விதிகளையும் ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவிடம் கொடுத்துவிடுகிறோம். வவுச்சர் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரியும் உண்டு. அதில் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் நானே படித்து, பதிலை மறுபடி பார்க்கிறேன்.