கராஜில் நேட்டால் லைன்: எந்த அளவில் கட்டுவது, எப்படி நீட்டுவது?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் மாதிரி ரயிலுக்கு முதல் பலகையைப் போட்டு, அதில் ஒரு வட்டப் பாதையைப் பதித்து, லிமா கம்பெனியின் மின் எஞ்சினை ஓடவிட்ட அன்று மாமனார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று ஓடியதும் குனிந்து எஞ்சினைக் கையில் எடுத்தார். திருப்பிப் பிடித்து, சக்கரங்களுக்கு நடுவில் விரலை வைத்துப் பார்த்தார்.

“இது நம்ம லைன் இல்ல மாப்ள. அகலம் ஜாஸ்தி.”

மாமா தண்டவாள கேங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும்கூட ரயில்வேயில் இருந்தவர்கள்தான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் மூன்று அளவுகளில் வாங்கிப் பார்த்தேன், இரண்டு விதமாகப் பலகை போட்டுப் பார்த்தேன். வீட்டில் மாதிரி ரயில் கட்ட நினைக்கிறவர்கள், ஏற்கெனவே கட்டியதை நீட்ட நினைக்கிறவர்கள், இரண்டு தரப்புக்கும் என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

அகலக் கணக்கு

தென்னாப்பிரிக்க ரயில்பாதைகளில் பெரும்பாலானவற்றின் அகலம் 1067 மி.மீ., அதாவது மூன்றரை அடி. இதைக் கேப் கேஜ் என்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக இருப்பது 1435 மி.மீ. கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளங்கள் பெரும்பாலும் அந்த 1435-ஐ மனதில் வைத்துச் செய்தவை. பரவலாகக் கிடைக்கிற எச்.ஓ. (HO) அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 1435 வரும். நம் பாதைக்கு எச்.ஓ.வில் 12.3 மி.மீ. இருந்தாலே போதும்.

நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கேப் கேஜ் எஞ்சினின் அழகே அந்தக் குறுகலில்தான் இருக்கிறது. நிஜத்தில் உடம்பு சுமார் மூன்று மீட்டர் அகலம், நிற்கிற பாதையோ ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தலையில் பெரிய கூடையைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்கிற மாதிரி இருக்கும். அதையே 16.5 மி.மீ. பாதையில் நிறுத்தினால் காலை அகட்டி நிற்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறைவதில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. டர்பனில் மார்க்கெட் ஸ்கொயரிலிருந்து துறைமுகப் பக்கத்துப் பாயிண்ட் வரை முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26 அன்று. தூரம் மூன்று கிலோமீட்டர்தான். அந்தப் பாதை கேப் கேஜ் இல்லை, 1435 மி.மீ.! 1870களில்தான் மூன்றரை அடிக்கு மாற்றினார்கள். ஆக, ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து நம் ஆட்களை இறக்கியபோது துறைமுகத்தில் இருந்த ரயிலைச் செய்ய விரும்புகிறவருக்கு எச்.ஓ. தண்டவாளம் மிகச் சரி. பாதையை மாற்றிய பிறகு வந்த நேட்டால் லைனுக்கு அது பொருந்தாது.

எச்.ஓ.: இன்றே ஓடும்

குறையை முதலில் சொல்லிவிட்டேன். நிறையும் பெரிது. பெட்டியைப் பிரித்த அரைமணி நேரத்தில் வண்டி ஓடும். இத்தாலியின் லிமா நிறுவனம் ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்க மின் எஞ்சின்களையும் புளூ டிரெயின் என்ற சொகுசு ரயிலின் பெட்டிகளையும் எச்.ஓ.வில் செய்து விற்றது. பழைய சாமான் சந்தைகளில் இன்னும் அவை அகப்படுகின்றன. வாங்கும்போது சக்கர விளிம்பைப் பாருங்கள். பழைய லிமாவில் விளிம்பு ஆழமாக இருக்கும். இன்றைய மெல்லிய தண்டவாளத்தில், அதாவது கோடு 75 ரகத்தில், அது ஆணித்தலைகளில் இடித்துக் கடகடவென்று ஓடும். உயரம் கூடிய கோடு 100 ரகம் என்றால் தொந்தரவு இல்லை. அப்புறம் பழைய எஃகுத் தண்டவாளத்தை டர்பனில் தொடவே வேண்டாம். கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளம்தான் இங்கே நிற்கும்.

பத்து வயதுப் பிள்ளை பொங்கலுக்குள் ரயில் ஓட வேண்டும் என்று கேட்டால் எச்.ஓ.தான் என் பதில். அகலம் சரியாகவும் வேண்டும், 1:87-ம் வேண்டும் என்றால் 12 மி.மீ. தண்டவாளம் தனியாக விற்கிறது. பீக்கோ, டில்லிக் என்ற இரண்டு நிறுவனங்களிடமும் உண்டு. ஆனால் அதில் ஓடுகிற ஆயத்த எஞ்சின்களில் பெரும்பாலானவை சுவிஸ் மலை ரயில்கள். நம் எஞ்சினின் அடிச்சட்டத்தை நாமே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும்.

சிறிய அளவுகள்: இடம் மிச்சம், கண்ணுக்கு வேலை

‘என்’ (N) எனப்படும் அளவு 1:160, தண்டவாளம் 9 மி.மீ. ஒரு பழைய கதவுப் பலகை மேல் முழு வட்டமும் ஒரு ஸ்டேஷனும் அடங்கிவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் இதிலும் அதே அகலக் கோளாறு உண்டு, நம் நாட்டு எஞ்சினும் கடையில் கிடைக்காது.

இதே 9 மி.மீ. பாதையில் 1:120 அளவில் உடம்பு கட்டினால் கணக்கு 1080 வருகிறது. கேப் கேஜுக்கு 13 மி.மீ.தான் வித்தியாசம். இடமும் குறைவு, அகலமும் சரி. எனக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் கண்தான். ஐம்பதைத் தாண்டியவன் 1:120-ல் கைப்பிடிக் கம்பி ஒட்டுவது எளிதில்லை. இளையவர்கள் முயன்று பார்க்கலாம்.

1:64: மெதுவாக வரும், வந்தால் நம்முடையது

16.5-ஐ 64-ஆல் பெருக்குங்கள்: 1056. நம் பாதைக்கு 11 மி.மீ.தான் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. அதாவது எச்.ஓ. தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஓடுகிற உடம்பை மட்டும் 1:64-ல் பெரிதாகக் கட்டினால் கேப் கேஜ் கிடைத்துவிடுகிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே மூன்றரை அடிப் பாதைதான். அங்கே உள்ளவர்களும் இந்த வழியில் போகிறார்கள். எச்.ஓ. மோட்டார், பாதை பிரிகிற இடத்துக்கான எச்.ஓ. பாயிண்ட், எச்.ஓ. கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் உதவும். முதலில் வாங்கியது எதுவும் வீணாகவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொரு வசதியும் உண்டு. பிள்ளைகள் விளையாடுகிற சின்ன இரும்புக் கார்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ இதே 1:64 அளவு. ஸ்டேஷன் வாசலில் நிற்க ஒரு கோம்பி வேனை மகளின் பொம்மைப் பெட்டியிலிருந்தே எடுத்தேன்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். ஆயத்த எஞ்சினை எதிர்பார்க்கவே கூடாது. பிளாஸ்டிக் தகடு வெட்டியோ, பிசின் அச்சில் எடுத்தோ உடம்பை நாமேதான் கட்ட வேண்டும். எச்.ஓ. சரக்கு வண்டிச் சக்கரம் இதற்குச் சிறியதாகத் தெரியும், பெரிய சக்கரம் தேடி மாற்ற வேண்டும். முதல் பெட்டி வண்டியை முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

இடமும் கூடும். நேட்டாலில் மலையேறிய ஜி.எம்.ஏ.எம். வகை காரட் நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் 28 மீட்டருக்கு மேல் நீளம். ‘என்’ (N) அளவில் 18 செ.மீ., எச்.ஓ.வில் 33 செ.மீ., 1:64-ல் 45 செ.மீ. வருகிறது. காரட்டின் கொதிகலன் நடுவில் தொங்க, முன்னும் பின்னும் இரண்டு இயந்திரப் பகுதிகள் தனித்தனியாகத் திரும்பும். அதனால் வளைவில் நன்றாகவே போகும். ஆனாலும் 90 செ.மீ. ஆரத்துக்குக் கீழே நான் வைப்பதில்லை. என் கராஜ் 5.5 மீட்டருக்கு 2.8 மீட்டர். அதில் அந்த ஆரத்தில் முழு வட்டம் போட்டால் ஆள் நிற்க இடம் இருக்காது. ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு, சுவரோரமாக ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போகிற பாதையைத் தேர்ந்தேன். வட்டத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். ஸ்டேஷன் பாதையில் வண்டியைப் பிரித்து, சேர்த்து, எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். ஒரு மாலை முழுக்க வேலை இருக்கும்.

ஒரே மேசையா, துண்டுப் பலகையா?

என்னைக் கேட்டால் அளவைவிட இந்தக் கேள்வி முக்கியம். ரயில் லேஅவுட் என்பது நீண்டுகொண்டே போகிற சமாசாரம். முதல் பலகையைப் போடும்போதே இரண்டாவதை எங்கே ஒட்டுவோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் முதல் மேசை எட்டுக்கு நாலு அடி. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, கால்கள் ஆணியடித்து நிலையாக இருந்தன. வேலை சீக்கிரம் முடிந்தது, பாதையில் மூட்டு இல்லாததால் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரே மேசையின் லாபம் அதுதான். பிப்ரவரி வந்தது. டர்பன் ஈரக்காற்றில் எம்.டி.எஃப். உப்பி, நடுவில் ஒரு மேடு எழும்பியது. அதைச் சரிசெய்ய வெளியே எடுக்கப் பார்த்தால் கராஜின் உள்கதவு வழியாகப் போகவில்லை. கடைசியில் ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். எட்டு மாத வேலை அது. பிள்ளைகள்கூட அன்று பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு பலகையும் 1200-க்கு 450 மி.மீ. சட்டம் 9 மி.மீ. பிளைவுட், இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பெயின்ட் பூசி ஈரம் புகாமல் அடைத்தது. பலகைகளை இரண்டு போல்ட் சேர்த்துப் பிடிக்கும். இடம் பிசகாமல் பார்த்துக்கொள்வது பித்தளை முளைகள். மூட்டில் தண்டவாளம் வளைந்து வரக்கூடாது, நேராகவே குறுக்கிட வேண்டும். ஓரத்தில் தண்டவாள முனையைச் செம்புத் தகட்டில் பற்றவைத்தால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் நகராது. தனியாக ஒரு ஆள் தூக்கிப்போய் முற்றத்தில் வைத்து வேலை பார்க்கலாம். மூட்டுக்கு மூட்டு ஒயர் இணைப்பு, கூடுதல் செலவு, கூடுதல் நேரம், எல்லாம் உண்மை. ஆனால் நீட்டுவது என்பது இதில் ஒரு சனிக்கிழமை வேலை.

எதில் கட்டினாலும் தண்டவாளங்களுக்கு இடையில் இடைவெளி விடுங்கள். கராஜ் கூரை சூடாகி 20 டிகிரி ஏறினால் 5 மீட்டர் பாதை ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். இறுக்கிப் போட்டால் பாதை கோணிக்கொள்ளும்.

மின்சாரம்

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒரு சமயத்தில் ஒரே ஆள், ஒரே எஞ்சின் என்றால் சாதாரண 12 வோல்ட் டி.சி. போதும். 2023-ல் மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போனபோது 12 வோல்ட் பேட்டரியை நேரே கட்டுப்பாட்டுப் பெட்டியில் மாட்டி ஓட்டினோம். ஒரே பாதையில் இரண்டு பேர் இரண்டு எஞ்சினை ஓட்ட வேண்டும் என்றால் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையான டி.சி.சி.க்கு மாறுங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஒரு டிகோடர், தனி எண். சத்தமும் வரும். காரட்டின் இரண்டு இயந்திரப் பகுதிகளும் ஒருசமயம் சேர்ந்தும் ஒருசமயம் பிரிந்தும் மூச்சுவிடுகிற அந்தத் தாளத்துக்காகவே நான் மாறினேன்.

இப்போது எங்கே நிற்கிறது

மூன்று பலகைகள் சுவரோரம் நிற்கின்றன. 1:64-ஐத்தான் நான் வைத்துக்கொண்டேன். நான்காவது பலகை கரும்புத்தோட்டம். வட கடற்கரைக் கரும்புத்தோட்டங்களில் இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் ஓடியது. 9-ஐ 64-ஆல் பெருக்கினால் 576, இரண்டடிக்கு மிகப் பக்கம். என்னிடம் சும்மா கிடக்கிற 9 மி.மீ. தண்டவாளமும் மோட்டாரும் அங்கே கரும்பு இழுக்கப் போகின்றன.

அதற்குமுன் மூன்றாவது பலகையை முடிக்க வேண்டும். கடைத் தண்டவாளத்தைப் பார்த்த மாமா, “கட்டை குட்டையா இருக்கே” என்றார். அளந்தால் 30 மி.மீ., நம் அளவில் ஆறேகால் அடி. அவர் தோளில் சுமந்த ஸ்லீப்பர் ஏழடி. ஆகவே இந்தப் பலகையில் பாதையைக் கையாலேயே போடுகிறோம். ஐஸ் குச்சிகளை 33 மி.மீ. நீளத்துக்கு மகள் வெட்டித் தருகிறாள். ஐந்து கட்டைக்கு ஒன்று செம்புத் தகடு ஒட்டியது, தண்டவாளத்தை நான் அதில் பற்றவைக்கிறேன். மாமா அளவுக்கட்டையை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை பாதி தூரத்தில் நின்றார்.

“இங்க உள்ள வாங்கியிருக்கு மாப்ள. சூடு வை.”

நான் பற்றவைப்பானை மறுபடி எடுத்தேன்.