கேகே 2.1.5-ஆ, ஏபிஎம் 2.8-ஆ?

சென்னை ரிச்சி தெருவில் முதல் குவாட்காப்டருக்கு (நான்கு விசிறி ட்ரோன்) பாகம் தேடுகிறவர்கள் பலர் ட்ரோனின் பறத்தலைக் கட்டுப்படுத்தும் இந்த இரண்டு போர்டுக்கு நடுவில்தான் குழம்புகிறார்கள்.

விலை: கேகே மலிவு. ஏபிஎம் கூடுதல், அப்புறம் ஜிபிஎஸ் தனிச் செலவு.

அமைப்பு: கேகேவில் சின்னத் திரையும் நான்கு பட்டனும் போர்டிலேயே இருப்பதால் மொட்டை மாடியில் நின்றபடியே அமைப்பு எண்களை மாற்றி உடனே பறக்கவிட்டுப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். ஏபிஎம்முக்கு லேப்டாப்பில் மிஷன் பிளானர் என்ற மென்பொருள் வேண்டும்.

காற்று: கேகேவில் ஜிபிஎஸ் கிடையாது, கடற்காற்று தள்ளினால் நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஏபிஎம் ஜிபிஎஸ்ஸோடு அதே இடத்தில் நிற்கும், கிளம்பிய இடத்துக்கே திரும்பும். ஆனால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடும் பாரோமீட்டர் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு கட்டாயம் வையுங்கள், இல்லையென்றால் காற்றிலும் வெயிலிலும் உயரக்கணக்கு தவறும்.

மென்பொருள்: ஏபிஎம் போர்டுக்குள் ஓடும் ஆர்டுகாப்டர் மென்பொருளில் 3.2.1-தான் அதற்கான கடைசிப் பதிப்பு.

கை பழக கேகே. கேமரா தூக்க ஏபிஎம்.