இலவசச் சட்ட உதவி மையம்: எங்கே கைகொடுக்கும், எங்கே இழுத்தடிக்கும்

இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பலகையைப் பார்த்ததும், ‘நமக்கில்லை’ என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணும் பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீல் கேட்கலாம். மற்றவர்களுக்கு வரம்பு உண்டு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சுமாரான வருமானமுள்ள ஆண்தான் இதில் விடுபட்டுப்போகிறார். ‘எல்லோருக்கும் சட்ட உதவி’ என்ற பேச்சு அங்கே இடிக்கிறது.

மனு கொடுப்பது சுலபம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே எழுதிக்கொள்ள வேண்டும். சந்தேகத்துக்குக் காரணம் இல்லையென்றால் வருமானத்துக்கு அபிடவிட்டே (உறுதிமொழிப் பத்திரம்) போதும் என்று 13-வது பிரிவு இடம் கொடுக்கிறது. வருமானச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லிக் கேளுங்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோர்ட் ஃபீஸ், டைப்பிங், சான்றிட்ட நகல் எல்லாம் இதில் அடக்கம். வக்கீல் ‘சில்லறைச் செலவு’ என்று கை நீட்டினால் அது விதிமீறல்.

சிக்கல் வாய்தாவில் ஆரம்பிக்கிறது. பேனல் வக்கீலுக்கு, அதாவது ஆணைக்குழுவின் பட்டியலிலிருந்து உங்களுக்கு நியமிக்கப்படுபவருக்கு, தரும் கட்டணம் குறைவு. சொந்தக் கட்சிக்காரர் வழக்கு அதே நாளில் இருந்தால் உங்களுடையது பின்னுக்குப் போகும். வழக்கின் அடையாளமான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை முதல் நாளே வாங்கி, நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் செயலியில் தேதியை நீங்களே பாருங்கள். வக்கீல் வரவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுத்து மாற்றக் கேட்கலாம். கிரிமினல் வழக்குகளுக்கு 2022-இல் வந்த முழுநேர வக்கீல் திட்டம் இதைவிட மேல். அவர்கள் தனியாக வழக்கு எடுக்க முடியாது.

இன்னொன்று, இங்கே மனு கொடுத்ததால் காலக்கெடு நின்றுவிடாது. செக் திரும்பிய வழக்கில், செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் சேர்ந்து 15 நாள் பணம் வராமல் கழிந்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். வக்கீல் நியமனத்துக்கே பாதி நாள் போய்விடும். கடைசித் தேதியை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சமரசத்தில் வழக்கை முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பினால் போகலாம். சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. தவணைத் தேதி, வட்டி, தவறினால் என்ன என்பதெல்லாம் தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.