நடந்து போன அம்மாவைப் படுக்கையில் போட்டார்கள்: வன்னியில் முதியோர் இல்லம் தேடுகிற ஆட்கள் வாசியுங்கோ

அம்மாவுக்கு 78 வயது. விசுவமடுவில் வீட்டுத்திட்ட வீட்டில் தனியாகத்தான் இருந்தா. சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோ எல்லாம் உண்டு. ஆனாலும் தன்ரை அலுவலைத் தானே பார்ப்பா. விடிய எழும்பி தடியை ஊன்றிக் கிணற்றடிக்குப் போவா, கோழிகளைத் திறந்து விடுவா, தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிப்பா. போன மார்கழி மழையில் கிணற்றடியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கனடாவில் இருக்கிற அண்ணாவும் சுவிஸில் இருக்கிற தம்பியும் பயந்து போனார்கள். நான் மல்லாவியில் படிப்பிக்கிறேன், பகலில் எங்கள் வீட்டில் ஆளில்லை. “கை சரிவரும் வரைக்கும் எங்கயாவது இருக்கிறன் பிள்ளை” என்று அம்மாதான் சொன்னா.

ஏ9 வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே, காசு வாங்கிப் பராமரிக்கிற ஒரு இல்லம். முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரை எழுதவில்லை. 24 மணி நேரமும் தாதி, கிழமைக்கு ஒருக்கா டொக்டர், நாளாந்தம் உடற்பயிற்சி என்றார்கள். மாதம் 65,000 ரூபா, முற்பணம் இரண்டு லட்சம். அண்ணா அன்றைக்கே காசைப் போட்டுவிட்டார். பற்றுச்சீட்டு பிறகு தருவதாகச் சொன்னார்கள். இன்று வரை தரவில்லை.

பார்க்கிற நேரம் ஞாயிறு பின்னேரம் 3 மணியில் இருந்து 5 மணி வரைக்கும்தான். நான் போகிற நேரம் அம்மா தலை இழுத்து, பவுடர் பூசி, வாசலில் கதிரையில் இருப்பா. அண்ணாவும் தம்பியும் வீடியோ கோல் எடுக்கிறதும் அதே நேரம்தான். கிழமைக்குக் கிழமை கதை குறைந்துகொண்டே வந்தது. கண் செருகுகிற மாதிரி இருந்தது. வயது போனால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அதை எப்படி நினைத்தேன் என்று இப்பவும் நெஞ்சு எரிகிறது.

சித்திரை விடுமுறையில், ஒரு புதன்கிழமை காலை ஆறரைக்குச் சொல்லாமல் போனேன். கிளினிக் கொப்பியை எடுக்க வேண்டி இருந்தது. அறைக்குள் மூத்திர நாற்றம். அம்மா பம்பஸ் கட்டியபடி கிடந்தா. இறங்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிலோடு சீலைத்துண்டால் கட்டியிருந்தது.

“ஏனம்மா, கக்கூசுக்கு நடந்து போறேல்லையே?”

“விடமாட்டினம் மோனை. விழுந்தால் ஆர் பொறுப்பு எண்டு கேக்கினம்.”

கைக்கட்டு எப்பவோ வெட்டியாகிவிட்டது. தடி ஸ்டோர் அறையில் கிடந்தது. கட்டுப்பல்லைக் காணவில்லை. திருப்பிப் பார்த்தேன், நாரிக்குக் கீழே உள்ளங்கை அளவில் படுக்கைப்புண். 19 பேருக்கு இரவில் ஒரே ஒரு பிள்ளை. இருபது வயது கூட இருக்காது, தாதிப் பயிற்சி எதுவும் இல்லை. எனக்கு முன்னால் நின்று அழுதது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 52 கிலோவாகப் போன அம்மா 43 கிலோ. இரண்டு கிளினிக் திகதி தவறியிருந்தது. சீனிக் குளிசையோடு, ஆரும் எழுதிக் கொடுக்காத நித்திரைக் குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். டொக்டர் விளங்கப்படுத்தினார்: வயது போன ஆட்கள் சில நாள் படுக்கையில் கிடந்தாலே கால் தசை கரையத் தொடங்கிவிடும், நித்திரைக் குளிசை தலையைக் குழப்பி இன்னும் விழுத்தும், எழும்ப ஏலாத ஆளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். அம்மா எழும்ப ஏலாத ஆளாகப் போகவில்லை. அங்கேதான் அப்படி ஆக்கினார்கள். விழாமல் பார்க்கிறோம் என்று சொல்லி, நடக்கிற ஒரு மனிசியின் நடையைப் பறித்தார்கள். அவர்களுக்கு வேலை மிச்சம், எங்களுக்கு மாதாமாதம் பில்.

‘பதிவு செய்யப்பட்டது’ என்று வாசலில் போர்ட் இருந்தது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, அது வெறும் வியாபாரப் பதிவு இலக்கம். முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கிற இல்லங்கள் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு அவர்களிடம் இல்லை. காசு கட்ட முதல் அந்த உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

ரைல்ஸையும் பூமரத்தையும் பார்க்காதீங்கோ. இரவில் எத்தனை பேர் நிற்கினம் என்று கேளுங்கோ. அங்கே இருக்கிற அப்பு ஆச்சிமார் தாங்களாக நடந்து கக்கூசுக்குப் போகினமோ, தங்கடை கையால் சாப்பிடுகினமோ என்று ஒரு காலமை நின்று பாருங்கோ. சொல்லாமல் வரவேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே திரும்பி வாங்கோ. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீடியோ கோலில் முகத்தை மட்டும் பார்க்காமல், எழும்பி நாலு அடி நடந்து காட்டச் சொல்லுங்கோ.

அம்மா இப்போது என்னோடு. புண் ஆறி வருகிறது. வோக்கரைப் பிடித்துக் கட்டிலில் இருந்து கதவு வரைக்கும் வருகிறா, அதுக்கே மூச்சு வாங்குகிறது. முற்பணம் திரும்பி வரவில்லை. கட்டுப்பல் இன்னும் கிடைக்கவில்லை. கஞ்சியும் கரைத்த சோறும்தான் கொடுக்கிறோம்.