96 சதவீதம் தேர்ச்சியாம், எத்தனை பேரில்?

நர்சிங் பட்டப்படிப்பில் சேரப் போகிறவர்களும் சேர்த்துவிடப் போகிற பெற்றோரும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

எனக்குக் கொடுத்த கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது: செவிலியராக வேலை பார்க்க எழுத வேண்டிய உரிமத் தேர்வில் 96 சதவீதம் தேர்ச்சி, 100 சதவீதம் வேலை. கூடவே பல்கலைக்கழகப் பட்டம், செய்முறை பழகப் பளபளக்கும் ஸ்கில் லேப், அதில் நோயாளிகளுக்குப் பதிலாக வரிசையாகப் படுத்திருக்கும் டம்மிப் பொம்மைகள். அப்பா கேட்ட ஒரே கேள்வி, ஹாஸ்டல் எப்படி என்பதுதான்.

அந்த எண்கள் பொய் என்று சொல்லமாட்டேன். எங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 84 பேர் சேர்ந்தோம். முதல் வருடம் அனாட்டமியும் ஃபிசியாலஜியும் 15 பேரைக் கழற்றிவிட்டன. அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் 8 பேர். கடைசி வருடம் கல்லூரியே ஒரு மாதிரித் தேர்வு வைத்தது. அதில் அவர்கள் சொன்ன மதிப்பெண் வராத 12 பேரை உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே விடவில்லை. "அடுத்த பேட்ச்சோட எழுதிக்கலாம்மா, என்ன அவசரம்?" என்றார் முதல்வர். ஆக, தேர்வு எழுதியது 49 பேர், தேறியது 47. 49ஆல் வகுத்தால் 96 சதவீதம் வந்துவிடும். சேர்ந்த 84ஆல் வகுத்தால் 56. நிறுத்திவைக்கப்பட்ட 12 பேரில் என் அறைத்தோழியும் ஒருத்தி. நான்கு வருடம் கட்டணம் கட்டியவள் எந்தச் சதவீதத்திலும் இல்லை.

வேலைக் கணக்கு இன்னும் சுலபமானது. வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். வேலை கிட்டத்தட்ட உறுதியான பிறகுதான் பெயரையே பதிவார்கள். ஒருத்தி பல் மருத்துவமனையில் முன்பதிவு எழுதிக்கொண்டிருந்தாள், அவளும் 'மருத்துவத் துறையில் பணி'. எனக்கு ஆறு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. வேலையில் இருக்கீங்களா என்றார்கள், ஆமாம் என்றதும் வைத்துவிட்டார்கள். என்ன வேலை, செவிலியராகவா, நிரந்தரமா, ஒன்றும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் நர்சிங் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் சிசிஎன்இ என்ற அமைப்பு தன் 2018ஆம் ஆண்டு விதிகளில் மூன்றைத் தனித்தனியாகப் பார்த்தது: படிப்பை முடித்தவர்கள் 70 சதவீதமாவது, உரிமத் தேர்வில் தேறியவர்கள் 80, வேலையில் இருப்பவர்கள் 70. முதல் எண்ணை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டுகிற வித்தை அங்கே அவ்வளவு சுலபமாகப் பலிக்காது. எங்கள் கையேட்டில் முடித்தவர்களின் எண்ணிக்கையே கிடையாது. எனக்கும் தேடத் தோன்றவில்லை.

சரி, தேர்ச்சியை விடுங்கள். என்னை உண்மையில் ஏமாற்றியது வார்டு பயிற்சி.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியர் படிப்புக்கு 4,600 மணி நேரம் வேண்டும், அதில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நேரடிப் பயிற்சி குறைந்தபட்சம் 800 மணி நேரம்தான், ஆனால் டம்மியோடு செய்யும் சிமுலேஷன் அதில் சேராது. செய்த பயிற்சியையெல்லாம் பதிகிற எங்கள் லாக் புக்கைத் திறந்தால் மணிக்கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாது. நடந்தது வேறு. ஒரு வார்டுக்கு 30 மாணவர்கள், ஒரே டியூட்டர். படுக்கை விரிப்போம், பிபி பார்ப்போம், காய்ச்சல் குறிப்போம். மருந்து ஏற்ற நரம்பில் கேனுலா ஊசி போடுவதைப் பத்துத் தலைகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குச் சிறுநீர்க் குழாயான கதீட்டர் போட்டது இரண்டே முறை. லாக் புக்கில் 20. கடைசி வாரத்தில் எல்லோருடைய புத்தகத்தையும் அடுக்கிவைத்து ஒரே உட்காரலில் கையெழுத்துப் போட்டார் டியூட்டர். நாங்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டால், சிமுலேஷன் போதும் என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்பார்கள். அமெரிக்க நர்சிங் வாரியங்களின் கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொன்னது உண்மைதான், மொத்தப் பயிற்சி நேரத்தில் பாதி வரைக்கும். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்தினார்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு உட்கார வைத்து எங்கே தவறினாய் என்று பேசினார்கள். எங்கள் டம்மிகளின் பிளாஸ்டிக் உறை நான்கு வருடத்தில் பாதி கூடக் கிழியவில்லை.

மனநலப் பிரிவில் பயிற்சி (போஸ்டிங்) என்று பஸ்ஸில் இரண்டு நாள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். லாக் புக்கில் வாரக்கணக்கு. வகுப்புத்தோழி ஒருத்தி அமெரிக்கா போக விண்ணப்பித்தபோது இது வெடித்தது. வெளிநாட்டுச் செவிலியர் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் அமைப்பு (2025 முதல் அதன் பெயர் ட்ரூமெரிட்), பெரியவர்கள், பிரசவம், குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொரு பிரிவிலும் வகுப்பும் பயிற்சியும் நடந்ததா என்று தனித்தனியாகப் பார்க்கும். கல்லூரி அனுப்பிய தாளில் மனநலப் பயிற்சிக்கு நேரே ஒரு கோடு. கேட்டதற்கு, "பழைய ரெக்கார்டு கிடைக்கல" என்றார்கள். இன்னும் அலைந்துகொண்டிருக்கிறாள்.

எனக்கு வேலை கிடைத்தது. முதல் இரவு டியூட்டியில், நரம்பு வழியாக மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம் அடித்தது. குழாயில் காற்றா, அடைப்பா, மருந்து தீர்ந்துவிட்டதா, ஒன்றும் புரியாமல் பட்டதாரிச் செவிலியர் நான் மலைத்து நின்றேன். வார்டு சிஸ்டர் வந்து அரை நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, எந்தக் காலேஜ் என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார்.

அந்த "ஓ"வைச் சேர்வதற்கு முன்பே கேட்டிருக்கலாம். கல்லூரி எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறதோ அங்கே போய், எந்தக் கல்லூரிப் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பீர்கள் என்று வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். கையேட்டைவிட அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, பல்கலைக்கழக அங்கீகாரம் வேறு, செவிலியராகப் பதிவு செய்யும் நர்சிங் கவுன்சிலின் அனுமதி வேறு. கவுன்சிலின் பட்டியலிலேயே பெயர் இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு அனுமதி என்று பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால் வந்த பிறகு போய்க்கொள்ளலாம்.

இந்த வருடம் மாமா பெண் அதே கல்லூரியின் கையேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இப்போது 98 சதவீதமாம். அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்த பேட்ச்சில் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்கச் சொன்னேன். நேரில் வாங்க, சொல்கிறோம் என்றார்கள். இன்னொரு கல்லூரியில் அதையே கேட்டாள். அங்கே இருந்த அம்மா பதிவேட்டைப் புரட்டி, சேர்ந்தது 61, முடித்துத் தேர்வு எழுதியது 50, முதல் முயற்சியில் தேறியது 44 என்று போனிலேயே வாசித்தார். 88 சதவீதம்தானே என்று மாமா இழுத்தார். அவள் அங்கேதான் சேர்ந்திருக்கிறாள்.