அம்மோலைட்: பதக்கம் சரி, மோதிரம் வேண்டாம்

அம்மோலைட் என்ற ரத்தினக்கல்லை வாங்க நினைப்பவர்கள் பதக்கமாக வாங்குங்கள். மோதிரமாக வேண்டவே வேண்டாம். கால்கரியில் இருக்கும் எங்கள் ஆச்சி இரண்டையும் வாங்கித் தந்து சில வருடங்கள் ஆகின்றன. போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் ஓடுதான் இந்தக் கல். பூஜை அறையில் வைத்திருக்கும் சாளக்கிராமத்துக்கு இது உறவு. கண்டகி ஆற்றில் கிடைக்கும் அதுவும் அம்மோனைட் படிமம்தான். ரத்தினம் என்று உலக நகை அமைப்பான சிப்ஜோ ஏற்றுக்கொண்டதே 1981-ல். காரைக்குடியில் யாருக்கும் தெரியாததில் ஆச்சரியமில்லை.

வைரத்தோடும் கெம்பு அட்டிகையும் பேத்தி வரைக்கும் கைமாறுகிற ஊர் இது. கீறலைத் தாங்கும் கடினத்தில் வைரத்துக்குப் பத்துக்கு 10, கெம்புக்கு 9. இதற்கோ 4 தேறினால் பெரிது. மோதிரத்தில் இருந்தது மேல்மூடி இல்லாத வெறும் கல். முற்றத்துத் தூசியே அதைக் கீறிவிட்டது. அப்புறம் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் செதில் பெயர்ந்து, பச்சை போய் அடியில் இருந்த கரும்பாறை தெரிந்தது. ஓடும் சிப்பிச் சுண்ணாம்பும் ஒரே கால்சியம் சரக்கு என்பதால் எலுமிச்சை, புளி பட்டாலும் அரிக்கும். சமையல்கட்டில் நிற்கிற கைக்கு இது எப்படி ஆகும்?

பதக்கம் இன்றும் புதிதாகவே இருக்கிறது. வளையம் பற்றவைக்கக் கொடுத்தபோது ஆசாரி லென்ஸில் பக்கவாட்டில் பார்த்து, "இது மூணு அடுக்கு, மேலே பளிங்கு ஒட்டியிருக்கு" என்றார். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோனார். அடுக்கு என்றதும் போலி என்று நினைக்க வேண்டாம். நிறம் தரும் படலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாததால் அப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். ஆனால் வெறும் கல்லா, அடுக்குக் கல்லா என்று கேட்டு வாங்குங்கள். விலை அதைப் பொறுத்தது. சென்ட், தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் முடித்த பிறகே கழுத்தில் போடுகிறேன். கழற்றியதும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

நிறத்தில் சாயம் எதுவும் கிடையாது. ஓட்டின் மெல்லிய தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும் விளையாட்டு அது. தகடு தடித்தால் சிவப்பு, மெலிந்தால் நீலம், ஊதா. மெல்லியது சீக்கிரம் உடைவதால் நீலம் அரிது, விலையும் எகிறும். எனக்குச் சிவப்பும் பச்சையுமே போதும். அரக்குக் கண்டாங்கி கட்டினால் அந்தப் பச்சை என்ன எடுப்பாக இருக்கிறது தெரியுமா!